அக்கா மகளை வளர்க்க 'தெரப்யூட்டிக் பேரன்டிங்' பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அக்கா இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்து எட்டு மாதம் முன்பு இறந்துவிட்டார். அவருடைய எட்டு வயது மகள் அன்றிலிருந்து பெரம்பூரில் உங்கள் வீட்டில் இருக்கிறாள். அப்பா இருக்கிறார், குடி உண்டு, நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தலைகாட்டுவார். பிள்ளை சாப்பாட்டைத் தலையணைக்கடியில் ஒளிக்கிறாள், அலமாரியிலிருந்து பணம் எடுக்கிறாள், கேட்டால் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிறாள், அம்மாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. வெளிநாட்டில் வளர்ப்புப் பெற்றோருக்குக் கொடுக்கிற 'தெரப்யூட்டிக் பேரன்டிங்' பயிற்சியை ஒருவர் ஆன்லைனில் 18,000 ரூபாய்க்கு நடத்துகிறார், சேரலாமா என்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "என் பையனிடம் பலித்தது எதுவும் இவளிடம் பலிக்கவில்லை." நீங்கள் நிஜமாகக் கேட்பது இதற்கான காரணத்தைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டணம் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். சென்னையில் குழந்தைகள் இல்லங்களிலும், பிறகு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவிலும் பல வருடங்கள் இருந்துவிட்டு, இப்போது பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள், தங்கை பிள்ளையை எடுத்து வளர்க்கும் மாமாக்கள் போன்றவர்களோடு வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை. இது இன்ன நோய் என்று சொல்வதும் மருந்தும் என் எல்லைக்கு வெளியே. பிள்ளையைப் பார்க்காமல், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து எழுதுகிறேன்.

அந்தப் பயிற்சியின் பின்னணி இது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, வீடு வீடாக மாற்றப்பட்ட பிள்ளைகளை முன்பின் தெரியாத குடும்பங்கள் எடுத்து வளர்க்கும்போது வந்த சிக்கல்களிலிருந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உருவானது. மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தும் தாய்–சேய்ப் பிணைப்பு பற்றிச் சொன்னதுதான் அடித்தளம். அதன்மேல் டான் ஹியூஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் விளையாட்டுத்தனம், ஏற்பு, அறியும் ஆர்வம், பரிவு என்ற நான்கையும் வைத்து ஒரு முறையை அமைத்தார். டெக்சஸில் கேரின் பர்விஸ், டேவிட் கிராஸ் என்ற உளவியலாளர்கள் இன்னொன்றை வகுத்தார்கள். பெயர்கள் வேறு வேறு என்றாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். பெரியவர்களை நம்பி ஏமாந்த பிள்ளைக்கு நம் வழக்கமான கண்டிப்பு வேறு மாதிரிப் போய்ச் சேருகிறது. உங்கள் பையனிடம் "டிவி கிடையாது போ" என்றால் அவனுக்கு டிவிதான் போச்சு. அம்மா எங்கேயும் போகமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அதையே இவளிடம் சொன்னால், இந்த வீடும் தனக்கு நிரந்தரமில்லை என்றுதான் அவள் காதில் விழுகிறது. பரிசும் தண்டனையும் வேலை செய்ய அடியில் ஒரு நம்பிக்கை வேண்டும். அவள் விஷயத்தில் அது ஆட்டம் கண்டிருக்கிறது.

ஒளித்து வைத்த சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அம்மா டயாலிசிஸுக்குப் போன இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை எத்தனை வீட்டில் சாப்பிட்டிருப்பாள், எத்தனை நாள் யாரும் சமைக்காமல் இருந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். தலையணைக்கடியில் இருக்கிற அரை இட்லியும் பிஸ்கட் பாக்கெட்டும் நாளைக்கான ஏற்பாடு. "இந்த வீட்ல உனக்கு என்னடி குறை வச்சோம்?" என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. நான் எல்லோருக்கும் சொல்கிற வழி, மூடி போட்ட டப்பா ஒன்றை அவள் பெயர் எழுதி, அவள் கைக்கு எட்டும் தட்டில் வைப்பது. முறுக்கு, கடலை உருண்டை என்று சீக்கிரம் கெட்டுப்போகாததாக வைத்து, "இது உன்னுது. எப்ப வேணா எடுத்துக்கலாம். கேக்க வேண்டாம். தீர்ந்தா சித்தி நிரப்பிடுவேன்" என்று ஒருதடவை சொல்லிவிட்டால் போதும். முதல் சில நாள் டப்பா ஒரே மூச்சில் காலியாகும். கணக்குக் கேட்காமல் நிரப்புங்கள். படுக்கையில் கிடைப்பதைச் சத்தமில்லாமல் எறும்பு மொய்க்காத டப்பாவுக்கு மாற்றுங்கள். இரவு படுக்கும்முன் காலையில் என்ன டிபன் என்று சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் வாரக்கணக்கில் குறைந்திருக்கிறது, சில வீடுகளில் ஒரு வருடம்கூட இழுத்திருக்கிறது. எப்போது நிற்கும் என்று தேதி சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பணம், பொய் இரண்டும் இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஏன் எடுத்தே?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவளுக்கே காரணம் தெரியாது. தெரியாததைக் கேட்டால் பொய்தான் வரும். "எடுத்தியா இல்லையா?" என்பதும் அப்படித்தான், பொய் சொல்ல நாமே வாய்ப்புக் கொடுக்கிறோம். ஹியூஸின் முறையில், பெரியவர் தன் ஊகத்தைத் தன் வாயால் சொல்வார். நம் வீட்டு மொழியில் கிட்டத்தட்ட இப்படி: "அலமாரில அம்பது ரூபா குறையுது. நீ எடுத்திருப்பேன்னு நினைக்கிறேன். கையில காசு இருந்தா பயமில்லாம இருக்குமோ என்னவோ. அப்படி இருந்தா எனக்குப் புரியுது. ஆனா கேக்காம எடுக்கக் கூடாது. சனிக்கிழமை என்கூட வெங்காயம் உரிச்சு அதைக் கழிச்சுடலாம்." தப்பு தப்புதான், அதற்கு ஈடும் உண்டு. ஆனால் ஈடு கட்டுவது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நடக்கிறது. வெளியே நிற்க வைப்பது, அறையில் பூட்டுவது, "இன்னிக்கு உன்கூடப் பேசமாட்டேன்" இவையெல்லாம் வேண்டாம். (ஒரு பெட்ரூம் வீட்டில் தனியறை தண்டனைக்கு இடமும் இல்லை என்பது நம் அதிர்ஷ்டம்.) பர்ஸை அவள் கண்ணில் படாத இடத்தில் வைப்பதும் வளர்ப்பில் ஒரு பகுதிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹியூஸ் சொல்லும் அந்த நான்கில் விளையாட்டுத்தனம் என்பதை நம் வீடுகளில் கிண்டல் என்று புரிந்துகொள்கிறார்கள். மாமா "இந்தக் கள்ளியப் பாரு, பிஸ்கட் திருடி" என்று எல்லோர் முன்னாலும் சிரிக்க வைப்பது அவளுக்கு அடி மாதிரி. அவளும் சேர்ந்து சிரித்தால்கூட.

இனி, வெளிநாட்டுப் பயிற்சிகளில் உங்களுக்கு அவ்வளவாகக் கிடைக்காத பகுதி. அவை பெரும்பாலும் பிள்ளைக்கு அந்நியராக இருக்கிற வளர்ப்புப் பெற்றோரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நீங்கள் அந்நியர் இல்லை. அவள் இழந்தது அம்மாவை, நீங்கள் இழந்தது அக்காவை. பிள்ளை அழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அழுதீர்களா என்று எழுதவில்லை. உறவினர் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, துக்கம் இருக்கும் வீட்டில் பிள்ளை பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. சித்தி உடைந்துபோனால் தன்னை யார் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கு எட்டு வயதுக்குப் போடத் தெரியும். கடைசிக் காரியத்துக்கு அவளைக் கூட்டிப்போகவில்லை, "அம்மா சாமிகிட்ட போயிருக்கா" என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். போனவர்கள் திரும்பி வரலாம் என்ற இடம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. இந்த வயதில் சாவு என்றால் திரும்பாதது என்று பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரியும். நேராகச் சொல்லுங்கள்: அம்மாவுக்குக் கிட்னி வேலை செய்யவில்லை, டாக்டர்கள் முயற்சி செய்தார்கள், உடம்பு தாங்கவில்லை, செத்துப் போய்விட்டாள், வரமாட்டாள், நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை. கடைசி வரி கேட்காமலே சொல்லப்பட வேண்டியது. தான் அடம்பிடித்ததால்தான் அம்மாவுக்கு நோய் முற்றியது என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. வருஷத் திதிக்கு வர அவள் ஆசைப்பட்டால் கூட்டிப்போங்கள், படத்துக்குப் பூ வைக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

"இனிமே இவதான் உன் அம்மா" என்று சொல்லும் சொந்தக்காரர்களை மரியாதையாக நிறுத்துங்கள். அவளாக ஒருநாள் அம்மா என்று கூப்பிட்டால் சாதாரணமாகத் திரும்பிப் பாருங்கள், மறுநாள் சித்தி என்றால் அதற்கும் திரும்பிப் பாருங்கள். இரண்டும் அவள் விருப்பம். அதேபோல் "சோறு போட்டு வளர்க்கிறோம்" என்ற பேச்சு உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும், மாமியார் வாயிலிருந்துகூட, அவள் காதுபட வரக்கூடாது. எந்தப் பயிற்சி கொடுக்கிறதைவிடவும் இந்த ஒரு கட்டுப்பாடு அதிகப் பலன் தரும் என்பது என் அபிப்பிராயம், ஆய்வில்லை.

நம் வீடுகளில் ஏற்கனவே இருக்கிற சில விஷயங்கள் வெளிநாட்டுப் பயிற்சிகளில் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. காலையில் ஸ்கூலுக்குத் தலை பின்னிவிடுவதைப் பாருங்கள். பத்து நிமிடம், எண்ணெய் தேய்த்த கை தலையில், நீங்கள் பின்னால் இருக்கிறீர்கள், முகம் பார்க்க வேண்டியதில்லை. பேசாத பிள்ளைகள் ரிப்பன் கட்டும் நேரத்தில் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் கணக்கு மார்க், பொய், பணம் எதையும் எடுக்காதீர்கள். எல்லோரும் ஹாலில் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பதும் அப்படித்தான். பிரிட்டனில் வளர்ப்புப் பிள்ளையை வளர்ப்புப் பெற்றோரின் படுக்கையில் படுக்க வைக்க வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், அதற்கு அங்கே காரணங்கள் உண்டு. இங்கே இரவில் விழித்தால் கை நீட்டும் தூரத்தில் சித்தி இருப்பது அவளுக்கு நல்லது. ஒரு விதிவிலக்கு: முன்பு இருந்த வீடுகளில் யாராவது தவறாகத் தொட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், அவளுக்குத் தனிப் பாய், தனிப் போர்வை, தொடும்முன் கேட்பது என்று மாற்றிக்கொள்ளுங்கள். அவள் வாய்விட்டு அப்படி ஏதாவது சொன்னால் குடும்பத்துக்குள் பேசி முடிக்கப் பார்க்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரியவந்த யாராக இருந்தாலும் புகார் கொடுத்தே ஆக வேண்டும்.

எது நிச்சயம், எது சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் நிலையான ஒரு பெரியவர் கிடைப்பது பிள்ளையை மாற்றும் என்பது நிச்சயம். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஆய்வில் ஆதரவற்ற குழந்தைகள் விடுதிகளிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பிணைப்பிலும் முன்னேறினார்கள், அதிலும் சுமார் இரண்டு வயதுக்குள் போனவர்கள். இதைக் காட்டி "இரண்டு வயதோடு கதவு மூடிவிட்டது" என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை விடுதியில் வளர்ந்தவள் இல்லை, ஏழு வருடத்துக்கு மேல் அவளுக்கு ஓர் அம்மா இருந்திருக்கிறாள். உறவினரிடம் வளரும் பிள்ளைகள் அந்நியரிடம் வளர்பவர்களைவிட நடத்தையிலும் மனநலத்திலும் சற்று மேலாக இருக்கிறார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-ல் 102 ஆய்வுகளை வைத்துச் செய்த அலசல் சொல்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள். பிரச்சினை குறைந்த பிள்ளைகளே உறவினரிடம் போயிருக்கவும் கூடும்.

பயிற்சிகளைப் பொறுத்தவரை நிலம் இவ்வளவு கெட்டி இல்லை. கைக்குழந்தைகளுக்கும் தவழும் பிள்ளைகளுக்குமாக அமெரிக்க உளவியலாளர் மேரி டோஸியர் உருவாக்கிய பத்து அமர்வுப் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் உண்டு, ஆனால் அது எட்டு வயதுக்கானது இல்லை. ஹியூஸ் வழிப் பயிற்சிகளில் தங்கள் தெளிவும் பொறுமையும் கூடுகிறது என்று பங்கேற்ற பெரியவர்களே சொல்கிறார்கள். பிள்ளையின் நடத்தை எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஒப்பிட்டுப் பார்த்த வலுவான ஆய்வுகள் குறைவு. மூளைப் படங்களைக் காட்டி விற்பவர்களிடம் உஷாராக இருங்கள். பெரிய மூளை ஒன்று, சுருங்கிய மூளை ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்தப் பிரபலமான படம் கடுமையாகப் புறக்கணிக்கப்பட்ட குழந்தையைப் பற்றியது, உங்கள் அக்கா மகளைப் பற்றியது அல்ல. பிள்ளையைப் பிடித்து அழுத்தி வைத்து 'கோபத்தை வெளியேற்றுவது', கண்ணைப் பார்க்கும்வரை விடாமல் இருப்பது போன்றவற்றைச் சொல்லிக்கொடுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த வகை 'சிகிச்சை'யில் 2000-ல் அமெரிக்காவில் ஒரு பத்து வயதுப் பிள்ளை இறந்தே போனது.

ஆக, அந்த 18,000. இந்த மாதமே கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. இரண்டு நாள் வகுப்பும் ஒரு சான்றிதழும் என்றால் வேண்டவே வேண்டாம். இதில் பேர்பெற்ற பயிற்சி ஒன்று பிரிட்டனில் 18 அமர்வாக நடக்கிறது. வாரம் ஒன்றைக் கற்று, வீட்டில் முயன்று, சொதப்பி, வந்து பேசினால்தான் பழக்கம் மாறும். பல வாரம் நடக்கிறதா, உங்கள் வீட்டு விஷயத்தைப் பேச நேரம் உண்டா, நடத்துபவர் குழந்தைகளோடு வேலை செய்தவரா, துக்கம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு முன் காசில்லாத வழிகள் இருக்கின்றன. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் பிள்ளையைக் காட்டலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் 'சம்வாத்' பிரிவு குழந்தைப் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கான பயிற்சிப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பண உதவியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்கட்டும். உங்கள் ஏற்பாடு சட்டத்தின் கண்ணில் ஃபாஸ்டர் கேர் இல்லை. அது சொந்தக் குடும்பம் அல்லாத வேறு குடும்பத்தில் குழந்தைகள் நலக் குழு ஒப்படைப்பது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 45-வது பிரிவில் உள்ள ஸ்பான்சர்ஷிப் (குடும்பத்தில் வளரும் பிள்ளைக்கான உதவித்தொகை) உங்களுக்குப் பொருந்தலாம், உறவினரிடம் வளரும் ஆதரவற்ற பிள்ளைகள் அதில் வருகிறார்கள். காப்பாளர் உயிரோடு இருந்தும் பார்த்துக்கொள்ள விருப்பமோ திறனோ இல்லாத பிள்ளையையும் அந்தச் சட்டம் ஆதரவற்றவராகவே கணக்கில் எடுக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் அது மாதம் 4,000 ரூபாய், நகர்ப்புறத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000-க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' மாதம் 2,000. அப்பாவின் நிலைமை தகுதிக்குள் வருமா என்பதை மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுதான் சொல்ல வேண்டும். அங்கே போவதில் இன்னொரு லாபம், பிள்ளை உங்களிடம் இருப்பது பதிவாகும். இப்போது காப்பாளர் அப்பாதான். ஒரு நாள் போதையில் வந்து "என் பொண்ணை அனுப்பு" என்றால் உங்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை.

அவர் வருவதை நிறுத்தாதீர்கள், ஒழுங்குபடுத்துங்கள். வருவதாகச் சொல்லி வராத ஞாயிறுதான் திங்கட்கிழமைச் சண்டையாக உங்கள் பையன் மேல் விழுகிறது என்று ஊகிக்கிறேன். தேதி போட்டுக் குறித்துப் பாருங்கள். அவர் தெருமுனைக்கு வந்து போன் செய்யும்வரை பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். பையனுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் அவன் மட்டும் உங்களோடு, தங்கச்சி இல்லாமல். வகுப்பு டீச்சரிடம் ஒருமுறை நேரில் பேசி, "என் அம்மா" கட்டுரை, அன்னையர் தினக் கார்டு வரும்போது முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் தள்ளிப்போடக் கூடாத சில உண்டு: செத்துப்போகணும், அம்மாகிட்ட போகணும் என்ற பேச்சு, தன்னைத் தானே காயப்படுத்துவது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, எடை குறைவது, வயதுக்கு மீறிய பாலியல் நடத்தை. இவை இல்லாவிட்டாலும் எட்டு மாதமாகத் துக்கம் இப்படி உறைந்து இருக்கும்போது ஒருமுறை காட்டுவது நல்லது. இணையத்தில் கிடைக்கும் 'அட்டாச்மென்ட் டிஸார்டர்' (பிணைப்புக் கோளாறு) அறிகுறிப் பட்டியலை வைத்து நீங்களாகப் பெயர் சூட்டாதீர்கள், அது அரிதான ஒன்று. ஹியூஸும் ஜோனதன் பேலின் என்ற உளவியலாளரும் பெரியவர் பக்கம் வரும் ஒரு நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்: சமைக்கிறோம், குளிப்பாட்டுகிறோம், ஆனால் உள்ளே ஒன்றும் எழவில்லை, அவள் தூங்கினால் நிம்மதி. தொடர்ந்து தள்ளிவிடும் பிள்ளையை வளர்ப்பவர் யாருக்கும் வரக்கூடியது, ஓய்வும் பேச ஓர் ஆளும் கிடைத்தால் மாறக்கூடியது. உங்கள் கணவரோ தங்கையோ வாரத்தில் ஒரு பொழுது அவளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று முதலில் கேளுங்கள். அந்தக் கோர்ஸின் பாடத்திட்டத்தைக் கீழே போட்டால் படித்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.